காசில்லாதவனுக்கு ஓர் ஆற்றுப்படை

கனடாவிலே பிறந்து, அமெரிக்காவிலே பல்கலைக்கழகத்தில் பயிலும் என் தங்கையின் மகன் சென்ற மாதம் எனக்கு ஒரு நீண்ட மடல் எழுதியிருந்தான். கோடை விடுமுறையில் முதுகில் ஒரு பையைச் சுமந்துகொண்டு, தூர பஸ்களில் ஏறியும் இறங்கியும் அந்நாட்டு நகரங்கள் பலவற்றைக் கண்டு வந்திருக்கிறான். கைப்பொருள் சுருங்கியவனுக்கும், நாளையைப் பற்றிய கவலையின்றித் திரிபவனுக்கும் உகந்த நகரங்கள் எவை, அவற்றுள்ளும் எந்தெந்தத் தெருக்கள் உகந்தவை என்று ஒரு நிரலே வகுத்திருந்தான். ஒரு காலத்தில் கவிஞர்கள் கூடித் திரிந்த சான் பிரான்சிஸ்கோவின் நோர்த் பீச். தெருவோரத்து இசைக்காரர் நிறைந்த நியூ ஓர்லியன்ஸ். பழைய புத்தகக் கடையொன்றினுள் ஒரு பகலையே கழித்துவிடக்கூடிய போட்லண்ட் என்று நிரல் நீண்டது. மடலின் இறுதியில் ஒரு வினா: "மாமா, உங்கட பக்கத்தில இப்படி ஓர் ஊர் இருக்கா? நூறு டொலரோட வந்தால் எத்தனை நாள் சமாளிக்கலாம்?"

படித்துவிட்டு முதலிற் சிரித்தேன். தமிழன் பிள்ளை கேட்கத் தகுந்த கேள்விதான் இது. வறியவனுக்கு வழி சொல்வதையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்துக்கொண்டவர்கள் நம் முன்னோர். பத்துப்பாட்டிலே சரிபாதி ஆற்றுப்படைகள். திருமுருகாற்றுப்படை, பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை ஆகிய நான்கோடு, கூத்தராற்றுப்படை என வழங்கும் மலைபடுகடாமும் சேர ஐந்து. பசித்த பாணன் ஒருவன் எதிரே வருகிறான். பரிசில் பெற்று மீள்பவன் அவனை நிறுத்தி, இன்ன வழியே போ, இன்ன ஊரிலே இன்ன உணவு கிடைக்கும் என்கிறான். சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனை நாடிச் செல்பவனுக்கு எயிற்பட்டினத்திலே சுட்ட மீன். வேலூரிலே புளிச்சோறும் வேட்டை இறைச்சியும். ஆமூரிலே வெண்சோறும் நண்டும். இன்றைய வழிகாட்டி நூல்களில் விடுதியின் விலை இருக்கும். அந்தப் பழம் பாட்டுகளில் விலை என்பதே இல்லை. கொடுப்பவர் யார் என்பது மட்டுமே உண்டு. வழி சொல்பவனும் தானே பட்டினி கிடந்து, அவ்வழியே நடந்து பெற்றவனாக இருக்க வேண்டும் என்பது அவ்வகையின் நியதி.

அந்தத் தகுதி எனக்கு உண்டு. 1974ஆம் ஆண்டு வைகாசி மாதம், நாற்பது ரூபாயோடு மட்டக்களப்பு வாவிக்கரையில் வந்து இறங்கியவன் நான். ஆதலால் மருமகனுக்கு எழுதத் தொடங்கிய மறுமொழியை வாசகரும் படிக்கட்டும் என்று இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிப் பேசிவிடலாம். பிறதேசத்தான் என்ற பொருளிலே 'பரதேசி' என்றோம். அது இன்று வசைச்சொல். 'நாடோடி'யும் ஏறக்குறைய அவ்வாறே ஆயிற்று. 'வழிப்போக்கன்' மட்டும் ஒருவாறு தப்பிப் பிழைத்திருக்கிறது. அமெரிக்கர் இவ்விடயத்திலே நம்மைவிட நுட்பமாகப் பிரித்துப் பார்த்தனர். ஊர் ஊராகச் சென்று உழைப்பவன் 'ஹோபோ'. உழைக்காமல் ஊர் சுற்றுபவன் 'டிராம்ப்'. சுற்றவும் மாட்டான், உழைக்கவும் மாட்டான் என்றால் அவன் 'பம்'. முதல் வகையினரைப் பற்றி, தாமும் அவ்வாறு அலைந்தவரான நெல்ஸ் அண்டர்சன் 1923இல் ஒரு முழு நூலே எழுதினார். சிக்காகோ நகரின் மேற்கு மடிசன் வீதி அவர்களின் தலைநகர். அறுவடைக்கும் இருப்புப்பாதை வேலைக்கும் மரம் தறிக்கவும் போய்வந்த கூலியாட்கள் பனிக்காலத்தில் அங்கே ஒதுங்கினர். ஒரு சில சதத்துக்குக் கட்டில், ஒரு சில சதத்துக்குச் சூப்பு, அடுத்த வேலை எங்கே என்ற செய்தி. மூன்றும் ஒரே தெருவிற் கிடைத்தன. அந்தத் தெருவை மருமகன் தேடிப் போனானாம். பழைய கட்டில் விடுதிகள் இடிக்கப்பட்டு, உயர்ந்த மாடங்கள் எழுந்துவிட்டன. "அங்க மலிவா ஒண்டுமே இல்லை மாமா" என்று எழுதியிருந்தான். மலிவு மட்டுமே ஓர் ஊரை வறியவனுக்கு உரியதாக்கும் என்றால், மலிவு போனதும் அவனும் போக வேண்டியதே.

இனி என் கதை. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பல்கலைக்கழகக் கதவு எனக்குத் திறக்கவில்லை. தரப்படுத்தலும் அதைத் தொடர்ந்த மாவட்ட ஒதுக்கீடும் யாழ்ப்பாணத்து இளைஞர் பலரை மனம் கசக்க வைத்த காலம் அது. (அதே மாவட்ட ஒதுக்கீடு பின்னர் மட்டக்களப்பில் என் மாணவர் சிலருக்கு வாசலாக அமைந்ததைக் கண்டபோது என் கசப்பின் பாதி எனக்கே நாணம் தந்தது. அஃது வேறு கதை.) வீட்டிலே தகப்பனாரின் மௌனத்தைத் தாங்க முடியவில்லை. கதிர்காமத்துக்கு நடந்து போகிறேன் என்று சொன்னேன். பக்தி ஒரு காரணம், ஓட்டம் பெருங்காரணம்.

புறப்படும்போது அம்மா சொன்ன எச்சரிக்கை ஒன்றே: "மட்டக்களப்பிலை ஆரும் பாய் விரிச்சால் இருந்துவிடாதை. பாயோடை ஒட்ட வைச்சுப் போடுவினம்." யாழ்ப்பாணத்திலே இப்பழமொழியை அறியாதவர் இலர். மட்டக்களப்பார் மந்திரத்தில் வல்லவர்; வந்தவனைப் பாயோடு ஒட்டவைத்து ஊர் திரும்பாமற் செய்துவிடுவர் என்பது கதை. வியாபாரத்துக்கும் உத்தியோகத்துக்கும் அங்கே போனவர்களிற் பலர் திரும்பி வரவில்லை என்பது மெய்யே. ஆனால் அதற்கு மந்திரம் வேண்டியதில்லை. மட்டக்களப்புப் பகுதியிலே குடி என்பது தாய்வழி வருவது. வீடும் வளவும் மகளுக்குச் சேரும். மணமகன் மனைவியின் வீட்டுக்குச் செல்வான். வெறுங்கையோடு வந்த அந்நியன் ஒருவன், ஒரு குடும்பத்துக்குப் பிடித்துவிட்டால், ஒரே நாளில் வீடுடையவனாகிவிடலாம். உலகத்து நாடோடிகளுக்கெல்லாம் இதைவிட உகந்த நாடு எங்கே இருக்கிறது? பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' என்ற நூலைப் பின்னாளிற் படித்தபோது, நான் காலால் அறிந்த நாட்டை ஏட்டால் அறிந்தேன்.

மாகோச் சந்தியிலே வண்டி மாறி, இரவு முழுதும் விழித்திருந்து, விடிகாலையில் மட்டக்களப்பு நிலையத்தில் இறங்கினேன். அந்நாளில் நாட்டிலே உணவுப் பஞ்சம். பாணுக்கு விடியுமுன் வரிசை. அரிசியை ஊர் விட்டு ஊர் கொண்டுசெல்லத் தடை. நகரத்துக் கடைகளிலே மரவள்ளிக் கிழங்குதான் முகம் காட்டும். நாற்பது ரூபாய் எத்தனை நாளுக்கு என்று நானும் மருமகனைப்போலக் கணக்குப் பார்த்தேன்.

நிலத்தின் கிடக்கையை இங்கே சொல்ல வேண்டும். வடக்கிலிருந்து தெற்காக 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது வாவி. அதற்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய நீள்நிலம். அது ஞாயிறு எழும் பக்கம் ஆதலின் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் காடும் குளங்களுமாக விரிந்த நிலம். ஞாயிறு படும் பக்கம் ஆதலின் படுவான்கரை. இத்துணை அழகான பெயர்களை ஒரு புலவன் கூடிச் சூட்டியிருக்க முடியாது. வெள்ளாமை செய்தவர்களும் மீன் பிடித்தவர்களும் சூட்டினார்கள். கடைத்தெருவும் கல்லூரிகளும் எழுவான்கரைப் பக்கம். நெல்லும் தயிரும் கூத்தும் படுவான்கரைப் பக்கம். காசுள்ளவன் எழுவான்கரையோடு நின்றுவிடலாம். காசில்லாதவன் நீரைக் கடக்க வேண்டும்.

நகரத்தின் நடுவாகிய புளியந்தீவு நாற்புறமும் நீர் சூழ்ந்தது. போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, பத்து ஆண்டுகளில் ஒல்லாந்தரிடம் இழந்த கோட்டை அங்கே இருக்கிறது. என் முதல் இரவைக் கல்லடிப் பாலத்தடியில் ஒரு தோணிக்காரரோடு கழித்தேன். நிலவு முதிர்ந்த இரவு. துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையைக் காதோடு வைக்கச் சொன்னார். நரம்பைச் சுண்டி விட்டாற் போன்ற மெல்லிய ஒலி ஒன்று அடியிலிருந்து எழுந்து வந்தது. பாடும் மீன் என்பர். விபுலாநந்த அடிகள் இவ்வொலிக்கு உரியோரை நீரரமகளிர் எனக் கொண்டு பாடினார். பாணர் தோளிற் சுமந்து திரிந்து பின் மறைந்துபோன யாழை ஆராய்ந்து 1947இல் 'யாழ்நூல்' தந்த அவர் பிறந்த காரைதீவும், அவர் பணி செய்த கல்லடி உப்போடையும் இவ்வாவிக்கரை நாட்டிலேயே உள்ளன. ஊரூராய் அலைந்தவனின் வாத்தியத்தைப் பற்றி நூல் எழுத உகந்த இடந்தான். மீனா, சிப்பியா என்று அறிஞர் வாதிடட்டும். கேட்பதற்கு அன்று எனக்கு ஒரு சதமும் செலவில்லை.

மறுநாள் அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குச் சென்றேன். ஆடி அமாவாசையன்று நாடே திரண்டு நீராடும் தீர்த்தக்குளம் அங்கே உண்டு. தீர்த்தக் காலம் அன்று ஆதலின் கோயில் வெறிச்சோடியிருந்தது. ஆனால் மரநிழலிலே பத்துப் பதினைந்து பேர் மூட்டைகளை அவிழ்த்துப் போட்டுச் சமைத்துக்கொண்டிருந்தனர். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல் வழியாக நடந்து வந்த கதிர்காம யாத்திரிகர். இவர்களை எவரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஆணெனின் சாமி, பெண்ணெனின் அம்மா. அவர்களோடு சேர்ந்தும் சேராமலும் சற்றுத் தள்ளி ஒரு முதியவர் இருந்தார். வேட்டி கிழிந்து, காலிலே புண். அவரோடு பேச்சுக் கொடுத்தேன். பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர். அந்த ஆண்டிலும் அதற்கு முந்திய ஆண்டிலும் தோட்டங்களிலே வேலை குறைந்து, உணவு குறைந்து, பட்டினிச் சாவும் நேர்ந்தது. எத்தனையோ பேர் இறங்கி வடக்கும் கிழக்குமாக நடந்தனர். அவர்களில் ஒருவர் இவர்.

இவர் எந்த நாட்டவர் என்பதே இன்னும் தீர்மானிக்கப்படவில்லை. 1948இன் சட்டம் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது. 1964இன் ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் பாதிபாதியாகப் பகிர்ந்துகொள்வதென 1974இல் முடிவாயிற்று. அச்செய்தியைப் பத்திரிகையிற் படித்திருந்த நான், என் அறிவைக் காட்டும் ஆசையில் அவருக்கு விளக்கினேன். "எந்தப் பாதியில நான் இருக்கேனோ தெரியல தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் கஞ்சியைக் குடித்தார். அமெரிக்கரின் மூன்று வகைகளிலே இவரை எதனுள் அடக்குவது? உழைக்க விரும்புகிறார், உழைப்பு இல்லை. சுற்ற விரும்பவில்லை, நிற்க இடமில்லை.

இருவரும் யாத்திரிகரோடு தெற்கே நடந்தோம். மண்முனைத் துறையிலே வாவியைக் கடந்து படுவான்கரை சேர்ந்தோம். 'பாதை' என்று அங்கே சொன்னால் அது தரைவழி அன்று. ஆளையும் வண்டியையும் மாட்டையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் மிதவை. பாதைக்காகக் காத்திருப்பது ஒரு கலை. துறைமேட்டிலே அரைமணியோ ஒருமணியோ இருக்க வேண்டும். அங்கே வெற்றிலை கைமாறும். எந்த ஊரிலே குளிர்த்தி, எந்த ஊரிலே கூத்து, எவர் வயலிலே ஆள் வேண்டும் என்ற செய்தியெல்லாம் கைமாறும். மேற்கு மடிசன் வீதியில் ஹோபோக்களுக்குக் கிடைத்தது எனக்கு அந்தத் துறைமேட்டிலே கிடைத்தது. சாமிமாரிடம் ஓடக்காரர் காசு வாங்கவில்லை.

வைகாசி படுவான்கரைக்குத் திருவிழா மாதம். கண்ணகை அம்மன் கோயில்களிலே கதவு திறந்து குளிர்த்தி பாடுவர். அறுவடை முடிந்த கையோடு வடமோடியும் தென்மோடியுமாகக் கூத்துகள் களரி ஏறும். பொழுது பட்டால் மத்தளம் கேட்கும் திசையை நோக்கி நடந்தாற் போதும். விடியும்வரை கூத்து, பாய் கொண்டுவந்தவர் பாயிலே இடம் தருவர், நடுச்சாமத்தில் தேத்தண்ணி வரும். தங்குமிடமும் அரங்கமும் உணவும் ஒருசேரக் கிடைக்கும் இத்தகைய விடுதி எந்த நகரத்தில் உண்டு? அண்ணாவியார் ஒருவர் தாளக்கட்டைச் சொல்லித் தந்ததைக் கேட்டபடியே ஒருநாள் உறங்கிப்போனேன். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயில் வீதியிலே இரண்டு இரவு. தயிரும் சோறும் தந்தார்கள். நாற்பது ரூபாயில் முப்பத்தேழு அப்படியே இருந்தது.

இவ்வளவோடு நிறுத்தினால் இது இனிய கட்டுரையாக இருக்கும். ஆனால் ஆற்றுப்படை பாடுபவன் வழியில் உள்ள பள்ளத்தையும் சொல்ல வேண்டும்.

படுவான்கரையிலே ஓர் ஊர். பெயர் வேண்டாம். செழித்த போடியார் வீடு. நானும் முதியவரும் மழைக்கு ஒதுங்கினோம். வீட்டுக்காரர் என்னை உட்காரச் சொல்லி, எந்த ஊர், யாருடைய மகன் என்று அன்போடு வினவினார். என் தகப்பனார் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் என்றதும் திண்ணையிலே பன்பாய் விரிந்தது. பளபளக்கும் வெண்கலச் செம்பிலே நீர், கண்ணாடிக் குவளையிலே தேநீர். முதியவரையும் வினவினார். தோட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் மாறவில்லை, இடம் மாறிற்று. அவருக்கு மாட்டுக்கொட்டிலின் தாழ்வாரம், தேநீர் சிரட்டையிலே. 'தோட்டக்காட்டான்' என்ற சொல் உள்ளிருந்து என் காதிலே விழுந்தது. எனக்கு அது புதிய சொல் அன்று. எங்கள் ஊரிலும் புழங்கிய சொல்லே. தீண்டாமைக்கு எதிரான சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. சட்டம் எந்தத் திண்ணையில் ஏறிற்று?

நான் என்ன செய்தேன்? தேநீரைக் குடித்தேன். அவ்வளவுதான். மழை பெய்துகொண்டிருந்தது, திண்ணை காய்ந்திருந்தது, பசித்தது. சோறும் உண்டேன், நண்டுக் குழம்போடு. ஆமூரின் நண்டைச் சங்கப் பாடலிலே படிக்கும்போதெல்லாம் இன்றுவரை அந்தக் குழம்பின் சுவையும் கூடவே வருகிறது. இனிய சுவைதான், அதுவே என் துன்பம். வாசலுக்கு வந்தவனுக்கு இல்லை என்னாத வீடு அது. இருவருக்கும் வயிறு நிறைந்தது. ஆனால் என்னைத் திண்ணையில் ஏற்றியது என் வறுமை அன்று, என் தகப்பனாரின் உத்தியோகம். நான் காசில்லாதவனாக வேடம் போட்டிருந்தேன். அவர் காசில்லாதவராகவே இருந்தார்.

மறுநாட் காலை முதியவர் அதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. வெயில் ஏறிய பின் வாவியோரம் ஒரு மீன்வாடிக்கு வந்தோம். வயது முதிர்ந்த பெண்ணொருத்தி வலை காயப் போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டு அவள் கேட்ட முதற்கேள்வி, "சாப்பிட்டயா மனே?" என்பதே. இருவரையும் பார்த்துத்தான் கேட்டாள். அவளைவிட முதியவரையும் 'மனே' என்றாள்! அவித்த மரவள்ளியும், சட்டியிலே மிஞ்சிய மீன்குழம்பும் ஒரே தட்டில் வைத்தாள். வேறு தட்டு அவளிடம் இல்லை. உண்டு முடித்த பிறகே "ஆரு நீங்க?" என்றாள். இந்த இரு கேள்விகளில் எது முந்தியது என்பதை அன்றுமுதல் நான் போகும் வீடுகளிலெல்லாம் கவனித்து வருகிறேன்.

அவள் வாயிலாகவே முதியவருக்குக் காவல் வேலை ஒன்று கிடைத்தது. பழுகாமத்துப் பக்கம் ஒரு வயலில், பன்றிக்கும் யானைக்கும் இரவு விழித்திருக்கும் வேலை. வாடி ஒன்றும் நெல்லும் கூலி. "நான் இங்கனயே நின்னுக்கிறேன் தம்பி. சாமிகிட்ட சொல்லுங்க" என்று என்னை அனுப்பிவைத்தார்.

மண்டூரிலே முருகனை வணங்கினேன். சின்னக் கதிர்காமம் என்பர். அங்கிருந்து மீண்டும் பாதையேறிக் குருமண்வெளி. பின் கல்லாறு, கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோவில். இஸ்லாமியர் ஊர்களிலே கடைக்காரர் பலர் சாமிமாருக்கு வெறுந்தேத்தண்ணி தந்து காசை மறுத்தனர். பொத்துவிலுக்கு வந்தபோது ஒரு புதுமை கண்டேன். அறுகம்பை விரிகுடாவிலே நீண்ட பலகைகளோடு வெள்ளைக்கார இளைஞர் சிலர் அலைமேல் நின்று சறுக்கிக்கொண்டிருந்தனர். துருக்கியிலிருந்து காபூல், காத்மாண்டு, கோவா என்று தரைவழியே அலைந்த அக்காலத்து நாடோடிகளின் கிளை ஒன்று இங்கும் எட்டியிருந்தது. ஓலைக் குடிலிலே தங்கி, ரொட்டியும் வாழைப்பழமும் தின்று வாழ்ந்தனர். அலை உயரும் பருவமும் ஆடிவேலுக்கு நடக்கும் பருவமும் ஒன்று. ஆதலால் திருநீறு அணிந்த நாடோடியும் உப்பு படிந்த நாடோடியும் ஒரே தெருவில், ஒரே கிணற்றில் நீர் மொண்டனர். இன்றும் ஆனி, ஆடியில் பொத்துவிலுக்குச் சென்றால் அக்காட்சியைக் காணலாம். குடில்கள் கட்டட விடுதிகளாகிவிட்டன. நடப்பவர் மூட்டை மட்டும் மாறவில்லை.

அந்நாடோடிகளில் எல்லாரும் அலையோடு நின்றவரல்லர். பற்றிக் ஹரிகன் என்ற அமெரிக்க இளைஞர் 1970களின் தொடக்கத்திலேயே யாழ்ப்பாணத்திலிருந்து இவ்வழியாய்க் கதிர்காமத்துக்கு நடந்தவர். போரால் தடைப்பட்ட பாதயாத்திரை 1988இல் மீண்டும் உயிர்பெற்றதில் அவருக்கும் பங்குண்டு. அமெரிக்காவிலே ஊர் தேடும் என் மருமகன் இதை அறியட்டும்.

உகந்தை முருகனைக் கண்டு, காட்டைக் கடந்து, கதிர்காமம் சென்று மீண்டேன். முதியவருக்காகவும் சொன்னேன். ஊர் திரும்பும் வழியில் மட்டக்களப்பிலே ஒரு தனியார் வகுப்பில் கணிதம் சொல்லிக்கொடுக்க ஒருவர் அழைத்தார். ஒரு மாதத்துக்கு என்று ஒப்புக்கொண்டேன். பின்னர் ஆசிரிய நியமனம், பின்னர் திருமணம், மனைவியின் வீடு. அம்மாவின் எச்சரிக்கை பலித்தது. ஐம்பது ஆண்டு கடந்தும் பாயிலிருந்து எழுந்தேனில்லை.

முதியவரை 1976இலே சென்று பார்த்தேன். வாடியைச் சுற்றிப் பயிற்றங்கொடியும் கத்தரியும் நட்டிருந்தார். என்னைக் கயிற்றுக்கட்டிலிலே இருத்திவிட்டுத் தாம் நின்றார். எவ்வளவு சொல்லியும் இருக்கவில்லை. திண்ணையைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எண்ணிப் போனவன், பயிற்றங்காயை வாங்கிக்கொண்டு திரும்பினேன். 1978 நவம்பர் 23ஆம் நாள் புயல் அடித்தது. தென்னைகள் வரிசை வரிசையாய் முறிந்து கிடந்தன. பாதை திறந்த பின் தேடிப் போனேன். வாடி இருந்த இடத்திலே நீர் நின்றது. அயலவர் சிலர் அவர் புயலுக்கு முன்னரே வேறு வயலுக்குப் போய்விட்டார் என்றனர். சிலர் வேறுவிதமாகச் சொன்னார்கள்.

போர்க்காலத்தைப் பற்றி நீட்டி எழுத மனமில்லை. வழிப்போக்கன் என்ற ஒருவகை மனிதனே இல்லாதுபோன காலம் அது. வீட்டில் இரவு யார் தங்குகிறார் என்று பதிய வேண்டும். முகம் தெரியாதவனுக்குக் கதவு திறந்தவர் அதற்காக எவரெவருக்கோ பதில் சொல்ல வேண்டும். சோறு இருந்தது, கொடுக்கும் கை நடுங்கிற்று. திண்ணையுள்ள வீடுகளும் குறைந்தன. 2004இன் கடல்கோள் நாவலடியையும் கல்லடிக் கரையையும் அள்ளிக்கொண்டு போயிற்று. அந்த நாட்களில் மட்டும், யாரென்று கேளாது, படுவான்கரையிலிருந்து சோற்றுப் பொதிகள் வந்தன.

2009இலே போர் முடிந்த பின் பாசிக்குடாவிலே பெருவிடுதிகள் எழுந்தன. அவற்றின் ஓர் இரவு வாடகையிலே என் காலத்து யாத்திரிகர் கூட்டமொன்று கதிர்காமம் போய் மீளலாம். கல்லடியிலே 2013இல் புதுப்பாலம். மண்முனையிலே யப்பானிய உதவியோடு 2014இல் பாலம். படுவான்கரைக் கர்ப்பிணி ஒருத்தி நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடத்துக்குக் காத்திராமல் போகிறாளென்றால், என் துறைமேட்டு நினைவுகளுக்காக அந்தப் பாலத்தை வேண்டாமென்று சொல்ல நான் மூடன் அல்லன். காத்திருந்து செய்தி கேட்ட இடம் போய்விட்டது என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

ஆகவே மருமகனே, உன் வினாவுக்கு விடை இது. வைகாசிக் கடைசியிலே வா. முதலிரவு என் வீட்டில், பன்பாய் உண்டு. பெரிய பை வேண்டாம். இரண்டு சாரம், ஒரு துவாய், காலுக்கு இறுக்கமில்லாத செருப்பு போதும். கல்லடிப் பாலத்தில் நிலாவுள்ள இரவில் தோணிக்காரரைக் கேள். மீனொலி இல்லாவிட்டால் அவர் கதை கேட்கலாம். பிறகு வாவியைக் கடந்துவிடு. கொக்கட்டிச்சோலை, பழுகாமம், மண்டூர் என்று தெற்கே நட. மத்தளம் கேட்டால் நில். பாலைப்பழக் காலமென்றால் ஒரு சுண்டு வாங்கு; உதட்டிலே பால் ஒட்டும், கவலைப்படாதே. உன்னோடு நடப்பவருக்கு ஓரிடம், உனக்கு ஓரிடம் என்று எவரேனும் காட்டினால், அவர் இருக்குமிடத்திலே நீயும் போய் இரு, நான் இருக்கவில்லை. காட்டுவழி திறக்கும் நாளை ஆண்டுதோறும் அதிகாரிகள் அறிவிப்பர். அதற்கு முன்னே உகந்தைக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். நூறு டொலரிலே பெரும்பகுதி மிஞ்சும். ஆனால் வரும் நாளை முன்கூட்டியே எழுது. திருவிழாக் காலத்திலே புகைவண்டியில் இருக்கை கிடைப்பது அரிது.